விஷம் வந்தது, நாய் போனது: ரேட் டெரியர் சொல்லும் பாடம்

நெல்லை அறுத்து, அடித்து, தூற்றி, மூட்டை கட்டி அடுக்குற வரைக்கும் நம்ம பாடு. அடுக்கின பிறகு எலி பாடு. பயிர் தூர் கட்டும்போது தண்டைக் கத்தரிக்குது. கதிர் முற்றும்போது கதிரை அறுத்து வளைக்குள்ள இழுத்துட்டுப் போகுது. வீட்டுக்கு வந்தா சாக்கைக் கிழிக்குது. தின்பது கொஞ்சம், சிந்தியும் சிறுநீர் கழித்தும் கெடுப்பதும் சேர்ந்தால் இழப்பு பெரிது.

பூச்சிக்கு மூலிகைக் கரைசல், பயிருக்குப் பஞ்சகவ்யம், மண்ணுக்குப் பலதானிய விதைப்பு என்று நஞ்சில்லாமல் பழகிவிட்ட நண்பர்கள்கூட, எலி என்று வந்துவிட்டால் மனசு தளர்ந்து விடுகிறார்கள். "வேற வழி தெரியல, கடையில நாலு எலி கேக் வாங்கி வச்சேன்" என்று குரலைத் தாழ்த்திச் சொல்வார்கள். எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தின கதைதான் இது. எலிக்கு வைக்கிற விஷம் எலியோடு நிற்பதில்லை.

இதே சிக்கல் அமெரிக்காவின் சிறு விவசாயிகளுக்கும் இருந்தது. அவர்கள் அதற்காக ஒரு நாயையே வளர்த்தெடுத்தார்கள். பிறகு விஷம் வந்தது. அந்த நாயை மறந்தார்கள். அந்த நாயின் பெயர் ரேட் டெரியர். 'ரேட்' என்றால் எலி. அதன் வரலாறு, குணம், பராமரிப்பு ஆகியவற்றை இந்தப் பாடத்தில் பார்ப்போம். அதை வாங்குங்கள் என்று சொல்வதற்காக இல்லை. பண்ணையில் ஒரு நாய் எலி பிடிக்க வேண்டுமென்றால் அங்கே என்னென்ன இருக்க வேண்டும், என்ன இருக்கவே கூடாது என்று புரிந்துகொள்வதற்காக.

மண்ணைத் தோண்டும் நாய்

'டெரியர்' என்ற சொல் மண்ணைக் குறிக்கும் 'டெர்ரா' என்ற இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. வளைக்குள் புகுந்தும், மண்ணைத் தோண்டியும் எலி, நரி, வளைக்கரடி போன்றவற்றை வெளியே கொண்டுவருவதற்காக பிரிட்டனில் வளர்க்கப்பட்ட சிறு நாய்களுக்கு அதுவே பொதுப் பெயர் ஆனது.

19-ஆம் நூற்றாண்டில் பிரிட்டனிலிருந்து அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த உழைக்கும் மக்கள் தங்கள் டெரியர்களையும் கூடவே கொண்டு போனார்கள். மென்மயிர் ஃபாக்ஸ் டெரியர், மான்செஸ்டர் டெரியர் போன்றவை அவற்றில் முக்கியமானவை. அங்கே போன பிறகு, எந்த ஊரில் என்ன வேலையோ அதற்கு ஏற்ப கலப்பு நடந்தது. மோப்ப சக்தியும், கூட்டமாக வேலை செய்யும் குணமும் வேண்டும் என்றவர்கள் பீகிள் நாயோடு சேர்த்தார்கள். சமவெளிப் பகுதியில் பயிரைத் தின்னும் பெருமுயலைத் துரத்த வேகம் வேண்டும் என்றவர்கள் விப்பெட், இத்தாலியன் கிரேஹவுண்ட் போன்ற ஓட்ட நாய்களோடு சேர்த்தார்கள்.

நம்ம ஊரில் விதை நெல்லை எப்படித் தேர்ந்தெடுத்தோம்? மேட்டு நிலத்துக்கு ஒன்று, பள்ளத்துக்கு ஒன்று, வெள்ளம் நிற்கிற இடத்துக்கு ஒன்று என்று வயலில் நின்று பார்த்துத்தானே எடுத்தோம். ரேட் டெரியரும் அப்படி உருவானதுதான். எந்தச் சங்கமும் சான்றிதழ் தரவில்லை. வேலை செய்கிற நாய்க்குக் குட்டி போட வைத்தார்கள், அவ்வளவுதான். 1910-களிலும் 1920-களிலும் அமெரிக்கக் குடும்பப் பண்ணைகளில் மிகவும் பரவலாக இருந்த நாய்களில் இதுவும் ஒன்று. தானியக் கிடங்கில் எலி பிடிக்கும், வயலில் முயல் துரத்தும், ராத்திரி குரைக்கும், பிள்ளைகளோடு விளையாடும். நாலு வேலைக்கு ஒரு நாய், அதுவும் சின்ன வயிறு.

கெட்டுப்போன தீவனத்தில் பிறந்த விஷம்

இந்த நாயின் கதை திரும்புகிற இடம் ஒரு மாட்டுக் கொட்டகை. 1920-களில் வட அமெரிக்காவின் குளிர்ப் பகுதிகளில் மாடுகள் காரணம் தெரியாமல் ரத்தம் கசிந்து செத்தன. கொம்பு சீவினால், காயடித்தால் ரத்தம் நிற்கவே இல்லை. பூஞ்சணம் பிடித்த 'ஸ்வீட் குளோவர்' என்ற உலர்தீவனத்தைத் தின்ற மாடுகளுக்குத்தான் இந்த நோய் என்று கால்நடை மருத்துவர்கள் கண்டுபிடித்தார்கள். அந்தப் பயிர் நம்ம குதிரைமசாலுக்குப் பங்காளி.

1933-இல் விஸ்கான்சின் மாநில விவசாயி ஒருவர் செத்த கிடேரியையும், ஒரு பால் கேன் நிறைய உறையாத ரத்தத்தையும், கெட்டுப்போன தீவனத்தையும் ஏற்றிக்கொண்டு, பனிப்புயலில் அந்த மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு வந்தார். அங்கே வேதியியல் ஆய்வாளர் கார்ல் பால் லிங்க் அதை வாங்கி ஆராய ஆரம்பித்தார். பல ஆண்டு உழைப்புக்குப் பிறகு, ரத்தம் உறைவதைத் தடுக்கும் பொருளை அவருடைய குழு பிரித்தெடுத்தது. அதன் வழியில் உருவான இன்னொரு வேதிப்பொருள்தான் வார்ஃபரின். 1948-இல் அது எலிக்கொல்லியாகச் சந்தைக்கு வந்தது. இதய வால்வு மாற்றினவர்களுக்கு ரத்தம் கட்டாமலிருக்க மருத்துவர் எழுதித் தருகிறாரே, அதே வார்ஃபரின்தான். அளவோடு இருந்தால் மருந்து. அளவு மீறினால் சாவு.

அது எலியிடம் ஏன் அவ்வளவு வேலை செய்தது? எலி சந்தேகப் பிராணி. புது இரையைக் கொஞ்சம் கடித்துப் பார்த்துவிட்டு ஒதுங்கிக் கொள்ளும். உடனே உடம்புக்கு ஏதாவது ஆனால், அந்த இரையை மறுபடி தொடாது. துத்தநாக பாஸ்பைடு மாதிரி வேகமான விஷம் பல நேரம் தோற்றுப் போவதற்கு இதுதான் காரணம். வார்ஃபரின் மெதுவானது. எலி நாலைந்து நாள் தின்றுகொண்டே இருக்கும்; பிறகுதான் உள்ளுக்குள் ரத்தம் கசிந்து சாகும். எதனால் செத்தோம் என்று அதன் கூட்டத்துக்குத் தெரியாது.

நாய் எங்கே போனது?

1950-களில் அமெரிக்கப் பண்ணைகள் பெரிதாயின. சிறு பண்ணைகள் மூடின. மிச்சமிருந்தவர்களுக்கு விஷ டப்பா மலிவாகக் கிடைத்தது. நாய்க்குச் சோறு போட வேண்டும், ஊசி போட வேண்டும், பழக்க வேண்டும். டப்பாவுக்கு அதெல்லாம் வேண்டாம். விஷம் வைத்த பண்ணையில் எலி பிடிக்கிற நாயை அவிழ்த்துவிடவும் முடியாது. விஷம் தின்று தள்ளாடுகிற எலிதான் நாய் வாயில் முதலில் மாட்டும். ரேட் டெரியரின் எண்ணிக்கை சரிந்தது. சிலர் மட்டும் விடாமல் காப்பாற்றி வைத்தார்கள். 1999-இல் யுனைடெட் கென்னல் கிளப்பும், 2013-இல் அமெரிக்கன் கென்னல் கிளப்பும் இதைத் தனி இனமாக ஏற்றுக்கொண்டன. நூறு வருசத்துக்கு மேல் பண்ணையில் உழைத்த பிறகுதான் அதற்குப் பட்டம் கிடைத்தது.

விஷமாவது சொன்னதைச் செய்ததா? 1958-இலேயே ஸ்காட்லாந்தில் வார்ஃபரினுக்கு அசையாத எலிகள் தென்பட்டன. பூச்சி மருந்தில் நாம் பார்த்த அதே கதை. அடுத்து இன்னும் வீரியமான இரண்டாம் தலைமுறை விஷங்களைக் கொண்டுவந்தார்கள். நம்ம கடைகளில் கேக்காகக் கிடைக்கும் புரோமடயோலோன் அந்த வகைதான். இவை செத்த எலியின் ஈரலில் நெடுநாள் தங்குகின்றன. அந்த எலியைத் தின்னும் கூகை, ஆந்தை, பருந்து, நாய், பூனை எல்லாவற்றுக்கும் அது போய்ச் சேருகிறது. எலி பல மடங்கு பெருகும். அதைப் பிடிக்கிற கூகை அப்படிப் பெருகாது. கடைசியில் நாம் கொல்வது எலியை அல்ல, எலி பிடிக்கிறவர்களை. கலிபோர்னியா மாநிலம் 2020-இல் சட்டம் போட்டு, இந்த இரண்டாம் தலைமுறை விஷங்களின் பெரும்பாலான பயன்பாட்டை நிறுத்தியதற்கு இதுதான் காரணம்.

உருவமும் குணமும்

ரேட் டெரியர் சிறு நாய். உயரம் 25 முதல் 46 சென்டிமீட்டர் வரை, எடை சுமார் 4.5 முதல் 11 கிலோ வரை. குட்டையான, வழவழப்பான முடி. வெள்ளையில் கறுப்பு, பழுப்புத் திட்டுகள் இருப்பது சாதாரணம். நல்லா வளர்த்தால் 12 முதல் 18 வருசம் வரை வாழும்.

டெரியர் என்றாலே ஓயாமல் துள்ளும், யார் பேச்சும் கேட்காது என்று ஒரு பெயர் உண்டு. ரேட் டெரியர் அதில் கொஞ்சம் வேறு. வேலை இருக்கும்போது தீயாக இருக்கும். வேலை முடிந்தால் காலடியில் சுருண்டு படுத்துக்கொள்ளும். பலவித நாய்கள் கலந்த ரத்தம் அது. வீட்டு ஆட்களின் முகம் பார்த்து நடக்கும். திட்டினால், அடித்தால் சுருங்கிப் போகும். பிறகு வேலை வாங்குவது கஷ்டம். அன்பாகச் சொல்லி, சின்னத் தீனி கொடுத்துப் பழக்கினால் சீக்கிரம் கற்றுக்கொள்ளும். புது ஆட்களிடம் ஒதுங்கி நின்று குரைக்கும்.

குறைகளும் உண்டு. தோண்டுவது அதன் பிறவிக் குணம். பாத்தியையும் தோண்டும், வரப்பையும் தோண்டும். வேலிக்கு அடியில் புகுந்து போய்விடும். ஓடுகிற சின்ன உயிர் எதைக் கண்டாலும் துரத்தும். அதற்கு எலியும் கோழிக்குஞ்சும் ஒன்றுதான், நாம் சொல்லிக் கொடுக்கும் வரை. வேலை இல்லாமல் கட்டிப்போட்டால் குரைத்துக் குரைத்தே ஊரைக் கூட்டும்.

எலியை எப்படிப் பிடிக்கிறது?

பூனை பதுங்கி, காத்திருந்து, ஒன்றைப் பிடிக்கும், பிடித்ததோடு விளையாடும். டெரியர் அப்படியில்லை. எலியைக் கவ்வும், தலையை ஒரு உதறு உதறும், போட்டுவிட்டு அடுத்ததுக்குப் பாயும். எலிக்கும் அதிக நேர வேதனை இல்லை.

நாயை மட்டும் அவிழ்த்துவிட்டால் போதாது. மனிதர் கூட வேலை செய்தால்தான் பலன். வைக்கோல் போரைப் பிரிக்கிறோம், கிடங்கில் மூட்டையை நகர்த்துகிறோம், வளையை மண்வெட்டியால் வெட்டுகிறோம். எலி வெளியே பாயும் வழியில் நாய் நிற்க வேண்டும். இரண்டு மூன்று நாய் இருந்தால் ஒன்று தோண்டும், மற்றவை ஆளுக்கொரு வாசலில் காவல் நிற்கும். நியூயார்க் நகரத்துச் சந்துகளில் இன்றைக்கும் தன்னார்வலர்கள் தங்கள் டெரியர்களோடு இரவில் இப்படித்தான் எலி வேட்டைக்குப் போகிறார்கள்.

ஆனால் நாய் மட்டுமே எலியை ஒழித்துவிடும் என்று எண்ண வேண்டாம். எலியின் சினைக்காலம் மூன்று வாரம்தான். இரையும் ஒளிந்துகொள்ள இடமும் இருக்கும் வரை எத்தனை பிடித்தாலும் மறுபடி நிரம்பும். நாய் நம்ம ஏற்பாட்டில் ஒரு கை. மற்றக் கைகளும் சேர வேண்டும்.

பராமரிப்பு

எலி பிடிக்கிற எந்தச் சிறு நாய்க்கும் இது பொருந்தும்.

* உணவு: வளர்ந்த நாய்க்கு இரண்டு வேளை. தயிர்சாதம் மட்டும் போட்டால் நாய் வயிறு நிரம்பும், உடம்பு ஊறாது. முட்டை, இறைச்சி, மீன் போன்ற புரதம் தினமும் வேண்டும். வெந்த கோழி எலும்பு, வெங்காயம், பூண்டு, திராட்சை, சாக்லேட் கொடுக்கவே கூடாது. பிடித்த எலியைத் தின்ன விடாதீர்கள். நாடாப்புழு அந்த வழியாக வரும். பசித்த நாய்தான் எலி பிடிக்கும் என்பது தவறான எண்ணம். அது பசிக்காகப் பிடிப்பதில்லை, குணத்தால் பிடிக்கிறது.

* தடுப்பூசி: வெறிநோய், பார்வோ, டிஸ்டெம்பர் தடுப்பூசிகள் எல்லா நாய்க்கும் அவசியம். எலி பிடிக்கிற நாய்க்கு லெப்டோஸ்பைரோசிஸ் தடுப்பூசி இன்னும் முக்கியம். இதுதான் நாம் சொல்லும் எலிக்காய்ச்சல். எலியின் சிறுநீர் கலந்த தண்ணீர், சேறு வழியாக நாய்க்கும் வரும், கால் வெடிப்பு உள்ள மனிதருக்கும் வரும். நோய் வந்த நாயின் சிறுநீரும் பரப்பும். செத்த எலியைக் கையால் தொடாமல் ஆழமாகப் புதையுங்கள்.

* குடற்புழு, உண்ணி: குட்டிக்கு மூன்று மாதம் வரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, பிறகு மருத்துவர் சொல்கிறபடி குடற்புழு நீக்கம். வேட்டை முடிந்ததும் காது, கால் விரலிடுக்கு, அக்குள் எல்லாம் தடவி உண்ணி பாருங்கள். எலிக்கடிக் காயம் சின்னதாகத் தெரியும். சோப்புத் தண்ணீரில் கழுவுங்கள், சீழ் வைத்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

* பிறவி நோய்கள்: ரேட் டெரியரில் முழங்கால் சில்லு நழுவுவது, தொடை எலும்பின் தலைப்பகுதி சிதைவது, கண் வில்லை இடம் பெயர்வது, தோல் ஒவ்வாமை ஆகியவை காணப்படுகின்றன. தாய் தகப்பனைப் பார்க்காமல் குட்டி எடுக்கக் கூடாது என்பது இதனால்தான்.

* கோழியோடு பழக்கம்: குட்டியாக இருக்கும்போதே கயிற்றில் பிடித்துக்கொண்டு கோழிகளுக்கு நடுவே நடத்துங்கள். கோழியைப் பார்த்துவிட்டு நம்மைத் திரும்பிப் பார்த்தால் தீனி கொடுங்கள். பல வாரம் இது நடக்க வேண்டும். நன்கு பழகின நாயையும் குஞ்சுகளோடு தனியே விடாதீர்கள்.

* பாம்பு: எலி இருக்கும் இடத்தில் பாம்பும் இருக்கும். டெரியர் குணம் உள்ள நாய் பாம்பைக் கண்டால் பின்வாங்காது. புதர் வளையை இருட்டில் தோண்ட விடாதீர்கள். பாம்பு கடித்தால் நாட்டு வைத்தியத்தில் நேரம் போக்காமல், விஷமுறிவு ஊசி உள்ள கால்நடை மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

இயற்கைப் பண்ணையிலும் நஞ்சு உண்டு

நம்ம பண்ணையில் ரசாயனமே இல்லை, அதனால் நாய்க்கு ஆபத்தே இல்லை என்று நினைக்க வேண்டாம். ஆமணக்குப் புண்ணாக்கு நாய்க்குக் கொடிய விஷம். அதில் உள்ள ரிசின் என்ற நச்சு, சரியாகப் பதப்படுத்தாத புண்ணாக்கில் தங்கிவிடும். எலும்புத் தூளோடு கலந்து வைத்தால் வாசனைக்கு நாய் நக்கித் தின்னும். பிறகு வாந்தி, ரத்தக் கழிச்சல், சாவு. மூட்டையை உயரத்தில் வைத்துப் பூட்டுங்கள். போட்ட உடனே மண்ணோடு கலந்து மூடுங்கள். இரண்டு மூன்று நாள் நாயை அந்தப் பக்கம் விடாதீர்கள். ஊமத்தை சேர்த்த மூலிகைக் கரைசல், மீன் அமிலம் ஊறும் வாளி ஆகியவற்றுக்கும் இறுக்கமான மூடி வேண்டும்.

நாம் விஷம் வைக்காவிட்டாலும் பக்கத்துத் தோட்டத்தில் வைத்திருப்பார்கள். எலி வேலி பார்ப்பதில்லை. நாய் சோர்ந்து, ஈறு வெளுத்து, மூக்கிலோ மலத்திலோ ரத்தம் வந்தால், ரத்தம் உறையாமல் செய்யும் விஷம் என்று சந்தேகப்படுங்கள். வைட்டமின் கே1 கொண்டு வாரக்கணக்கில் சிகிச்சை செய்தால் காப்பாற்ற வாய்ப்பு உண்டு. அறிகுறி தெரிய சில நாள் ஆகும் என்பதால், தின்றதைப் பார்த்துவிட்டால் அறிகுறிக்காகக் காத்திருக்காதீர்கள். துத்தநாக பாஸ்பைடு என்றால் முறிவு மருந்தே கிடையாது; வயிற்றில் பாஸ்பீன் வாயுவாக மாறும். நாய் எடுக்கும் வாந்தியிலிருந்து வரும் வாயு மனிதருக்கும் ஆபத்து. மூடிய அறையில் வைக்காதீர்கள். எந்த விஷமானாலும் பாக்கெட்டைக் கையோடு எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள்.

நாம் என்ன செய்யலாம்?

ரேட் டெரியரை நம்ம ஊரில் தேடி அலைய வேண்டாம். அதை உருவாக்கின விவசாயிகளும் தங்கள் கையில் இருந்த நாயிலிருந்துதான் ஆரம்பித்தார்கள். பெயர் பெற்ற நம்ம இனங்களான ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை ஆகியவை காவலுக்கும் வேட்டைக்கும் வளர்ந்தவை. எலி பிடிக்கிற நாயை நம்ம தெருவில்தான் தேட வேண்டும். வைக்கோல் போரை மோந்து மோந்து தோண்டுகிற நாட்டு நாயைப் பார்க்காதவர் யார்? அது போட்ட குட்டிகளில் சலசலப்புக்குக் காதை நிமிர்த்துவது எது, உருளும் தேங்காயைத் துரத்துவது எது, கூப்பிட்டால் திரும்பி வருவது எது என்று ஒரு வாரம் பாருங்கள். மூன்றும் உள்ளதை எடுங்கள்.

அதோடு மற்றக் கைகளையும் சேருங்கள்:

1. வரப்பை ஒடுக்கி, புல் செதுக்கி, வளை இருக்கும் இடத்தை வெட்டுங்கள். நடவுக்கு முன் செய்தால் பாதி வேலை முடியும்.
2. கூகை, ஆந்தை உட்காரப் பறவை தாங்கிகளை நடுங்கள். கதிர் முற்றும்போது எடுத்துவிடுங்கள். தானியம் தின்னும் பறவைகள் உட்காராமல் இருக்க.
3. தஞ்சாவூர் கிட்டியை எலி நடக்கும் தடத்தில் வையுங்கள். நாய் கட்டியிருக்கும் நேரத்தில் மட்டும் வைக்க வேண்டும்.
4. வளையின் வாயைப் பார்த்தே உள்ளே எலி இருக்கிறதா இல்லையா என்று சொல்லக்கூடிய அறிவு இருளர் மக்களிடம் உண்டு. அவர்களை அழையுங்கள், உரிய கூலி கொடுங்கள்.
5. ஊராகச் சேர்ந்து ஒரே நாளில் செய்யுங்கள். ஒருத்தர் வயலில் மட்டும் பிடித்தால் பக்கத்து வயல் எலி குடி வந்துவிடும்.

ஆறாவதாக ஒன்று உண்டு, அதுதான் முதலில் செய்ய வேண்டியது. வீட்டில், கொட்டகையில், மேல்தட்டில் எங்காவது பழைய எலி விஷப் பாக்கெட் கிடக்கிறதா என்று இன்றைக்கே தேடிப் பாருங்கள். கிடைத்தால் பிள்ளைகளுக்கும் நாய்க்கும் எட்டாதபடி பூட்டி வைத்து, பாதுகாப்பாக அப்புறப்படுத்த வேளாண் அலுவலரைக் கேளுங்கள். குளத்திலோ குப்பைக்குழியிலோ போடாதீர்கள். அதை அப்புறப்படுத்தின பிறகு நாய்க்குட்டியைக் கொண்டு வாருங்கள். எலி பிடிக்கிற நாயும் எலி விஷமும் ஒரே பண்ணையில் வாழ முடியாது.